பத்தாவதிலேயே கம்ப்யூட்டருக்கும் மார்க் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோபி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் எங்கள் பையன் ஒன்பதாவது படிக்கிறான். பள்ளியில் ஹைடெக் கம்ப்யூட்டர் லேப் இருக்கிறது. அப்புறம் என்ன குறை என்பீர்கள். வாரம் ஒரு பீரியட் லேப் என்று டைம்டேபிளில் இருக்கும், அரையாண்டு நெருங்கினால் அதைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். அவரையும் குறை சொல்ல முடியாது, கணக்குக்கு 100 மார்க், கம்ப்யூட்டருக்கு ஒன்றுமில்லை. மற்ற நேரம் அதில் அரசின் எமிஸ் தளத்தில் மாணவர் விவரம் ஏற்றும் வேலைதான் நடக்கிறது.

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடத்தைப் பாருங்கள், ஸ்க்ராட்ச் என்ற புரோகிராமிங் மொழி பற்றி எழுதியிருக்கிறார்கள். திரையில் கட்டைகளை இழுத்துச் சேர்த்துப் பூனையை நடக்கவைத்து விளையாட வேண்டிய சமாச்சாரம், அதையும் ஒரு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்கிறார்கள்.

பதினொன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தால் நேராக சி++ மொழியில் புரோகிராம், அடுத்த வருஷம் பைத்தான் மொழி. பைத்தானில் எந்த வரியை எவ்வளவு உள்ளே தள்ளி எழுதுகிறோம் என்பது முக்கியம். பக்கத்து வீட்டு அம்மணி பிளஸ் டூ படிக்கிறது, அதை நோட்டில் ஸ்கேல் வைத்து இடம் விட்டு எழுதிப் பழகுகிறது! இடம் தப்பினால் கம்ப்யூட்டர் அப்போதே திட்டும், நோட்டு திட்டுமா?

சரி, அந்த குரூப் கிடைத்தவர்களுக்காவது அது உண்டு. பத்தாவதோடு நின்று திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கோவை லேத் பட்டறைக்கும் போகிற பிள்ளைகளுக்கு? இன்றைக்கு அங்கே துணி வெட்ட மார்க்கர் என்னும் வரைபடம் போடுவது கேட் என்ற டிசைன் மென்பொருளில், லேத் ஓடுவது கம்ப்யூட்டர் இயக்கும் சி.என்.சி.யில். யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குப் பள்ளியில் அது கிடைப்பதே இல்லை.

வாளையாறு தாண்டினால் கேரளத்தில் பத்தாம் வகுப்புத் தேர்விலேயே ஐ.டி. பாடம் உண்டு, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து செய்து காட்ட வேண்டும். சி.பி.எஸ்.இ.யிலும் பத்தாவதில் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் எடுக்கலாம். நமக்கு மட்டும் அதே ஐந்து பாடம், 500 மார்க்.

பிள்ளைகளுக்கு இருக்கிற பாரம் போதாதா என்று கேட்பது நியாயம்தான். அதனால்தான் தியரி பேப்பரே வேண்டாம் என்கிறேன். வைத்தால் 'கணினியின் தந்தை யார்' என்று ஒரு நோட்ஸ் வந்துவிடும், அதோடு பாடம் முடிந்தது. அறிவியலில் 25 மார்க் செய்முறைக்கு இருக்கிறதல்லவா, அதுபோல இது முழுக்க செய்முறையாகவே இருக்கட்டும். சொல்லித்தர ஆளில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், கம்ப்யூட்டர் சயின்ஸில் பி.எட். முடித்துவிட்டு மில்லில் பில் போடுகிறவர்களை எனக்கே தெரியும்.

முதல் இரண்டு வருஷம் பாஸ், ஃபெயில் கணக்கில் சேர்க்காமல் மார்க்கை மட்டும் சான்றிதழில் போடலாம். ஆனால் தேர்வு வைக்க வேறு பள்ளி ஆசிரியர்தான் வர வேண்டும். சொந்தப் பள்ளியிலேயே விட்டால் எல்லோருக்கும் முழு மார்க் விழுந்துவிடும், நமக்குத் தெரியாததா?

ஒரு பெற்றோர்,
கோபிசெட்டிபாளையம்