லேஓவர் நகருலா: பணம் திருப்பித் தரக் கோரி நான்காவது புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் லேஓவர் (அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் நேரம்) நகருலா, இரண்டு பேர், ரீஃபண்ட் மறுப்பு

ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயமாக நான் அனுப்பும் நான்காவது கடிதம் இது. முதல் மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: "வாடிக்கையாளர் சந்திப்பு இடத்துக்கு வரவில்லை, எனவே ரீஃபண்ட் இல்லை." ஏன் வரவில்லை என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் மறுபடி எழுதுகிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

ஆகஸ்டில் அம்மாவும் நானும் சென்னையிலிருந்து சிகாகோவுக்கு, அக்கா வீட்டுக்குப் போனோம். பிராங்க்பர்ட்டில் மூன்று மணி நேரத்திலேயே அடுத்த விமானம் ஏறுகிற டிக்கெட்டும் இருந்தது. உங்கள் ஆள்தான், "ஒன்பதரை மணி நேரம் லேஓவர் இருக்கிறதை எடுங்க சார், ஊரையே சுத்திக் காட்டிடறோம்" என்றார். அதற்காக டிக்கெட்டில் 11,000 ரூபாய் கூடுதல். நகருலாவுக்கு 27,600 ரூபாய் தனி.

அம்மாவுக்கு 71 வயது. அரசுப் பள்ளியில் 32 வருஷம் வரலாறு நடத்தியவர். ஜெர்மனி ஒருங்கிணைந்த பாடம் வந்தால், 1848 மே 18 அன்று பிராங்க்பர்ட்டின் பவுல்ஸ்கிர்ஷே தேவாலயத்தில் கூடிய பாராளுமன்றத்தில்தான் ஆரம்பிப்பார். உட்கார்ந்து அரசியல் சட்டம் எழுதி, பிரஷ்ய மன்னரிடம் ஜெர்மனியின் மகுடத்தை நீட்டினார்கள், அவர் வேண்டாம் என்று தள்ளிவிட்டார் என்பதை வீட்டிலும் எத்தனையோ முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். உங்கள் விளம்பரத்தில் அந்தத் தேவாலயத்தின் படம் இருந்தது. அம்மா போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கி, "1944ல குண்டு போட்டு எரிஞ்சுபோச்சுடா. பாராளுமன்றம் கூடின நூறாவது வருஷத்துக்குள்ள திரும்பக் கட்டிட்டாங்க" என்றார். அன்று ராத்திரியே பணம் கட்டினேன்.

கட்டும் முன் நான் கேட்டது ஒரே கேள்வி. எங்களிடம் அமெரிக்க விசாதான் இருக்கிறது, வேறு ஏதாவது வாங்க வேண்டுமா என்று. உங்கள் வாட்ஸ்அப் பதில் இன்னும் என் போனில் இருக்கிறது: "யுஎஸ் விசா போதும் சார், தாராளமா வெளிய போலாம்." நீங்கள் விற்கும் பொருள் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பினேன். அது தப்பா?

பிராங்க்பர்ட்டில் இறங்கியதும் பாஸ்போர்ட் கவுன்டரில் இருந்த அதிகாரி அம்மாவின் பாஸ்போர்ட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ஒருமுறை புரட்டினார். மறுபடியும் புரட்டினார். ஷெங்கன் விசா, அதாவது ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குள் நுழைவதற்கான விசா, எங்கே என்று கேட்டார். அமெரிக்க விசாவை வைத்துக்கொண்டு விமானம் மாறுகிறவர்களுக்கான டிரான்சிட் பகுதியில் இருந்து அடுத்த விமானம் ஏறலாம், ஜெர்மனிக்குள் நுழைய முடியாது என்று பொறுமையாகச் சொல்லிப் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்தார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்திய பாஸ்போர்ட்டோடு லேஓவரில் ஊருக்குள் போக வேண்டுமானால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயமே இதுதான். நீங்கள் சொல்லியிருந்தால் ஆளுக்கு 90 யூரோ கட்டிச் சென்னையிலேயே விண்ணப்பித்திருப்போம். நேரம் இருந்தது, இரண்டு மாதம் முன்னாலேயே பணம் கட்டிவிட்டேனே!

நீங்கள் குறித்த சந்திப்பு இடம் டெர்மினல் 1, ஹால் பி. அது பொதுப் பகுதி. பாஸ்போர்ட் சோதனையைத் தாண்டாமல் அங்கே போகவே முடியாது. எங்களால் வர முடியாத இடத்தில் ஆளை நிற்க வைத்துவிட்டு, வரவில்லை என்று எழுதுகிறீர்கள்.

இங்கே உங்கள் மாலை ஷிஃப்டில் போன் எடுக்கும் அந்த நபரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நான் பேச ஆரம்பித்ததுமே, "எங்க சைடுல கைடு வந்தாச்சு சார். விசா எல்லாம் நீங்கதான் பாத்துக்கணும், சின்னப் பிள்ளையா நீங்க?" என்றார். ஸ்பீக்கரில் அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஒரு ஆசிரியையின் மகனிடம் பேசுகிற பேச்சா இது? வாட்ஸ்அப் பதிலைச் சொன்னதும் போனை வைத்துவிட்டார். அவர் மன்னிப்புக் கேட்காமல் நான் இதை விடப்போவதில்லை.

விமான நிலையத்தில் அந்த ஒன்பது மணி நேரமும் ஒரு பெஞ்சில் போனது. கோடு போட்ட நோட்டுத் தாளை நாலாக மடித்து அம்மா கைப்பையில் வைத்திருந்தார். எஸ்8 அல்லது எஸ்9 ரயில், 15 நிமிஷத்துக்குள் பெரிய ஸ்டேஷன். ரோமர் சதுக்கம், 1405லிருந்து நகர மன்றம். பேரரசர்களுக்கு முடிசூட்டிய பேராலயம். 1749ல் ஜெர்மன் கவிஞர் கதே பிறந்த வீடு. மைன் ஆற்று இரும்புப் பாலம். எல்லாவற்றுக்கும் எதிரே மணி குறித்து, பவுல்ஸ்கிர்ஷேவுக்கு மட்டும் அடியில் இரண்டு கோடு. மதியம் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார், மடித்து உள்ளே வைத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் திரும்பும் டிக்கெட் தோஹா வழி. இந்த வயதில் இன்னொரு முறை அவரை அங்கே எப்போது கூட்டிக்கொண்டு போவேன்? இந்த நஷ்டத்துக்குக் கோடி ரூபாய் கொடுத்தாலும் ஈடாகாது.

ஊர் திரும்பியதும் உங்கள் தி. நகர் அலுவலகத்துக்கு மூன்று முறை வந்தேன். முதல் தடவை மேனேஜர் லீவு. இரண்டாவது தடவை தாம்பரத்திலிருந்து மத்தியான வெயிலில் வந்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்த பிறகு, "மெயில் போடுங்க" என்றார்கள். நான் போட்ட மெயிலின் பிரிண்ட் அப்போது என் கையில்தான் இருந்தது. மூன்றாவது தடவை செக்யூரிட்டியே திருப்பி அனுப்பிவிட்டார்.

நீங்கள் பெரிய நிறுவனம், இதைத் தீர்க்க ஐந்து நிமிஷம் போதும். எனக்கும் சண்டை போடும் ஆசை இல்லை. 27,600 ரூபாயும் கூடுதல் டிக்கெட் பணம் 11,000மும் சேர்த்து 38,600 ரூபாயை 15 நாளில் கணக்கில் போடுங்கள். ஷெங்கன் விசா கட்டாயம் என்று விளம்பரத்தின் மேலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். அம்மாவுக்கு எழுத்தில் மன்னிப்புக் கடிதம் அனுப்புங்கள்.

இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்வேன். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட், ரசீது, உங்கள் மூன்று பதில்கள் எல்லாம் தயார்.

இன்னொன்று. உங்கள் கைடு அம்மாவின் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு ஹால் பியில் நிற்கும் போட்டோவை ஒவ்வொரு பதிலோடும் "ஆதாரம்" என்று இணைக்கிறீர்கள். போன வாரம் அது அம்மாவின் மெயிலுக்கும் போயிருக்கிறது. அந்தப் படத்தை இனி அவருக்கு அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
தாம்பரம்