கடைச் சீட்டும் வரலாறே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் என்றதும் பலருக்கும் கொடியும் அதிபர்களும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் 1982-இல் தொடங்கப்பட்ட அதன் ஆவணக் காப்பக மையமோ, கடைக்காரர்கள் குப்பையில் போடக்கூடிய விலைப்பட்டியல்களையும், முன்பக்கம் வண்ணப்படமும் பின்பக்கம் சரக்கின் புகழும் அச்சிட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டு விளம்பர அட்டைகளையும் பெட்டி பெட்டியாகப் பேணுகிறது. இத்தகைய வணிகத் தாள்களை ஐசடோர் வார்ஷா என்ற தனிமனிதர் திரட்டிய பெருந்தொகுப்பு, 1967-இல் ஸ்மித்சோனியன் வசம் வந்தது.

டப்பர்வேர் டப்பாக்களை வீட்டு விருந்துகளில் விற்கும் முறையை வளர்த்தெடுத்த பிரவுனி வைஸ், 1958-இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவருடைய ஆவணத் தாள்களும், நீக்கிய முதலாளி எர்ல் டப்பரின் தாள்களும் இன்று அந்தக் காப்பக மையத்தில் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன (இதைவிட நயமான சமரசம் ஏது!). நிறுவனம் சொன்ன கதையை ஆய்வாளர் சரிபார்க்க முடிவது, இப்படி இருதரப்புத் தாள்களும் எஞ்சியதால்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை