மறுபடியும் மலையேறப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் நலம். முழங்கால் முன்னைவிடப் பரவாயில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அரைமணி நேரம் பேசினோம். பெரியவனின் பரீட்சை, மாடி ஒழுகுவது, என் புதுக் கண்ணாடி என்று எல்லாவற்றையும் பேசினாய். மலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வரவில்லை. மறுநாள் மாப்பிள்ளை வேறு எதற்கோ அழைத்தபோது, நீ பிப்ரவரியில் மறுபடியும் ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ மலைக்குப் போகிறாய் என்றும், இந்த முறை ஆறே நாள் பயணம் என்றும் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது. அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

நீ போவதை நான் தடுக்கவில்லை. தடுத்தாலும் கேட்கப்போவதில்லை, அந்தப் பிடிவாதம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று உன் அப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பார். ஆனால் ஆறு நாள் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. என்னை அழைத்துப்போனபோது எட்டு நாள் வழியைத் தேடிப் பிடித்தவள் நீ. 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால் இரவு தூங்கும் இடம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு நாள் தங்க வேண்டும் என்று தாளில் படம் வரைந்து எனக்குப் பாடம் நடத்தினாய். எட்டு நாளிலேயே அந்தக் கணக்கு முழுதாக நிற்கவில்லை. ஆறு நாளில் எப்படி நிற்கும்? லாவா டவர் என்ற அந்தப் பாறைக்கோபுரம் வரை, ஏறக்குறைய 4,600 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிட்டு, அன்று மாலையே பரான்கோ முகாமுக்கு 600 மீட்டர் இறக்கியபோது, ஏறியதையெல்லாம் எதற்கு இறங்குகிறோம் என்று நான் சலித்துக்கொண்டேன். பகலில் உடம்புக்கு உயரத்தைக் காட்டிவிட்டு இரவில் தாழ்வான இடத்தில் தூங்கவைத்தால்தான் பழகும் என்றாய். எனக்குச் சொன்னதெல்லாம் உனக்குப் பொருந்தாதா? உயரம் வயதானவர்களைத்தான் தாக்கும் என்று நினைத்துவிடாதே. அதில் வயது பெரிய கணக்கில்லை, எவ்வளவு வேகமாக ஏறுகிறோம் என்பதே கணக்கு என்று எனக்குத் தைரியம் சொல்வதற்காக நீதான் படித்துக் காட்டினாய். தினமும் ஓடுகிறவர்களுக்கும் அதில் விலக்கில்லை. காலில் வலு இருப்பவர்கள்தான் அவசரப்பட்டு மாட்டிக்கொள்வார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

தலை வலித்தால் வழிகாட்டியிடம் உடனே சொல்லிவிடு.

ஜப்பானிய மலையேற்றக்காரர் யூச்சிரோ மியூரா 2013இல் தம் 80ஆம் வயதில் எவரெஸ்ட் ஏறிய செய்தியை அனுப்பித்தான் என்னைச் சம்மதிக்க வைத்தாய். அவர் 70 வயதில் ஒருமுறை, 75 வயதில் ஒருமுறை ஏற்கெனவே அங்கே போய் வந்தவர். மாடிப்படியைத் தவிர வேறெதையும் ஏறியிராத என்னை அவரோடு சேர்த்தது உன் அன்பின் மிகை என்றே இன்றும் நினைக்கிறேன். அவருடைய மகன் கோத்தாவும் கூடவே உச்சிவரை போயிருக்கிறார் என்ற ஒரு வரிதான் என் கண்ணில் நின்றது. தந்தையின் வயதை எல்லாரும் எழுதினார்கள். அந்தப் பிள்ளை வழியெல்லாம் என்ன பாடுபட்டிருப்பார் என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

ஏறிய ஏழு நாளும் நீ எனக்குப் பின்னால்தான் நடந்தாய். முன்னால் போனால் உனக்கே தெரியாமல் வேகம் கூடிவிடும் என்றாய். உச்சிக்குக் கிளம்பிய நள்ளிரவில், பராஃபு முகாமில் விரல்கள் விறைத்து என்னால் காலணிக் கயிற்றைக் கட்ட முடியவில்லை. நீ தலைவிளக்கு வெளிச்சத்தில் மண்டியிட்டு, கையுறையைப் பல்லால் கடித்து உருவிவிட்டு, ஏற்றத்துக்கு வாகாகக் கணுக்காலில் சற்றுத் தளர்த்தி இரட்டை முடிச்சுப் போட்டாய். இப்படி ஒரு மகள் யாருக்கு வாய்க்கும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய நாள் மாலை கரங்கா முகாமில், "அம்மாவால் முடியுமா?" என்று நீ வழிகாட்டியிடம் கேட்டது கூடாரத்துக்குள் படுத்திருந்த எனக்குக் கேட்டது. அதை என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது பொய். சொல்லியிருக்க மாட்டேன்.

மூன்றாம் நாளிலிருந்தே எனக்குத் தலைவலி இருந்தது. ஒவ்வொரு மாலையும் வழிகாட்டி தலைவலி உண்டா, குமட்டல் உண்டா, தூக்கம் எப்படி என்று கேட்டபோது, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றேன். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டுவதற்கு முன்பு பத்துப் பன்னிரண்டு முறை மூச்சை ஆழமாக இழுத்துவிட்டால் எண் ஏறும் என்பதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டேன். கரங்காவில் முதலில் 76 காட்டியது. இன்னொரு முறை பாருங்கள் என்று சொல்லி, அதற்குள் மூச்சை இழுத்து அதை 84 ஆக்கினேன். நீ "சபாஷ் அம்மா" என்றாய்.

அதோடு நிற்கவில்லை. உயரம் உடம்புக்குப் பழகுவதற்கான டயமாக்ஸ் மாத்திரை காலையில் பாதி, இரவில் பாதி என்று கணக்கு. காலை மாத்திரையை உன் கண்முன்னே விழுங்கினேன். கடைசி மூன்று இரவும் இரவு மாத்திரையை விழுங்கவில்லை. அதைப் போட்டால் ராத்திரியில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்க வேண்டும். கூடாரத்தின் ஜிப் உன் பக்கம் இருந்தது. பகல் முழுவதும் எனக்குப் பின்னால் நடந்து களைத்தவளை எழுப்ப மனம் வரவில்லை. அப்போது அதை அன்பு என்று நினைத்தேன். பாதி அன்புதான். மீதி, அந்தக் குளிரில் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறதே என்ற வெட்கம்.

5,300 மீட்டர் அருகில் வழிகாட்டி என்னை நிறுத்தி, ஒரு காலின் விரல் நுனியோடு மற்றக் காலின் குதிகாலை ஒட்டவைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார். நான்காம் அடியில் சாய்ந்தேன். அப்படித் தள்ளாடுவது மூளையில் நீர் கோத்து வீங்குவதன் அறிகுறியாக இருக்கலாம், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் இறக்க வேண்டும் என்றார். உதவி வழிகாட்டியோடு என்னை அனுப்பிவிட்டு நீ மேலே போயிருக்கலாம். உச்சிக்கு இன்னும் 600 மீட்டர்கூட இல்லை. நீ ஒரு கேள்வியும் கேட்காமல் என் பையை வாங்கி உன் மார்பில் மாட்டிக்கொண்டு திரும்பினாய். இறங்க இறங்க எனக்குத் தெளிந்தது. முவேகா முகாமுக்கு வந்தபோது நான் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன். நீ பேசவில்லை.

வீடு திரும்பிய பிறகு அந்தப் பையைத் துவைத்து எனக்கு அனுப்பிவைத்தாய். பக்க உறையில் என் கைக்குட்டை மடித்தபடி இருந்தது. அதில் முடிந்து வைத்திருந்த மூன்று அரை மாத்திரைகள் இல்லை. உனக்குத் தெரிந்துவிட்டது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்தது. பத்து மாதமாக நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றே அழுது முடித்திருப்பேன்.

உன் உச்சியைக் கெடுத்தவள் நான். அதைத் தனியாகப் போய் அவசர அவசரமாக மீட்டுக்கொள்ளப் பார்க்கிறாயோ என்பதுதான் என் பயம். நீ தொலைபேசியில் "நல்லா இருக்கேன்மா" என்று சொல்லும்போது, வழிகாட்டியிடம் நான் சொன்ன "ஒன்றுமில்லை" மாதிரியே என் காதில் விழுகிறது. என்னைக் கூப்பிடச் சொல்லவில்லை, நான் வரவும் மாட்டேன். இரண்டு நாள் விடுப்பைக் கூட்டிப் போட்டு எட்டு நாள் வழியிலேயே போ. தலை வலித்தால் சொல்லிவிடு. யாரோடு கூடாரத்தில் படுத்தாலும் ஜிப் எந்தப் பக்கம் என்று பார்த்துப் படு. ராத்திரி எழ வேண்டியிருந்தால் அவர்களை எழுப்பு.

அன்புடன்,
அம்மா

பி.கு.: என் நடைக்கோல்கள் இரண்டையும் மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறேன். உன்னுடையவற்றில் ஒன்றின் நீளத்தை நிறுத்திப் பிடிக்கும் பூட்டு நழுவுகிறது. இறக்கத்தில் அது இருமுறை உள்வாங்கியதையும், நீ முழங்காலை ஊன்றிச் சமாளித்ததையும் பார்த்தேன். அதையும் அப்போது சொல்லவில்லை.