மருமகனும் ஐ.ஐ.எம்.மும்

அன்பு மாப்ளே,

நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் கேட்டேன். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே "சரிடா சரிடா" என்று வைத்துவிடுவாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், தங்கச்சியையும் படிக்கச் சொல். இங்கே எல்லோரும் நலம். கம்பெனியில் இந்த சீசன் ஆர்டர் சுமார்தான், மழை முந்திக்கொண்டதால் போர்வெல் பம்பு கேட்டு வருகிறவர்கள் குறைச்சல், டீலர்கள் ஸ்டாக்கை வைத்துக்கொண்டு முழிக்கிறார்கள். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது.

உன் பையனுக்கு, அதாவது என் மருமகனுக்கு, ஐ.ஐ.எம். என்கிற மத்திய அரசு மேலாண்மைக் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று கேட்டிருந்தாயே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். அகமதாபாத், பெங்களூரு, கல்கத்தா மூன்றில் ஒன்று, இல்லாவிட்டால் எம்.பி.ஏ.வே வேண்டாம், அதற்காக சென்னை சிறுசேரி ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, நவம்பரில் வருகிற கேட் (CAT) நுழைவுத் தேர்வு வரை கோவில்பட்டியில் உட்கார்ந்து படிக்கப் போகிறேன் என்று என்னிடமும் சொன்னான். வேலையை விடவே கூடாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெங்களூரு மாதிரி இடங்களில் வேலை அனுபவத்துக்குத் தனி மதிப்பெண் உண்டு, அங்கே 36 மாதம் வரை அது ஏறிக்கொண்டே போகும். இவன் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. இப்போது விட்டால் அந்த ஏற்றமும் போச்சு, இன்டர்வியூவில் "ஏன் விட்டாய்?" என்று கேட்டால் சொல்வதற்குப் பதிலும் கிடையாது. பரீட்சைக்குப் படிக்க விட்டேன் என்று சொன்னால் யார் ரசிப்பார்கள்?

அவன் மூளையில் எனக்குச் சந்தேகம் இல்லை. கணக்கைப் பார். 2024இல் கேட் பரீட்சை எழுதியவர்கள் ஏறத்தாழ 2.93 லட்சம் பேர். 99 பெர்சண்டைல் என்றால் காதுக்கு இனிமையாக இருக்கிறது, ஆனால் அதை வாங்கினவனுக்கு முன்னால் மூவாயிரம் பேர் நிற்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அகமதாபாத்தின் இரண்டு வருடப் படிப்பில் இருக்கிற இடமே நானூறு சொச்சம். எஸ்.சி. 15, எஸ்.டி. 7.5, ஓ.பி.சி. 27, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு 10 சதவீதம் போக மிச்சம் 40.5 சதவீதம்தான் பொதுவில். அந்தப் பொதுவில் பெரிய கூட்டம் இவனைப் போலவே என்ஜினீயரிங் முடித்து ஐ.டி.யில் இருக்கிற பையன்கள். பெண்களுக்கும், பொறியியல் படிக்காதவர்களுக்கும் சில இடங்களில் கூடுதல் புள்ளி தருகிறார்கள். என் மூத்தவள் பி.காம். படித்தவள், அவளுக்கு இரண்டுமே உதவியது. இதைச் சொன்னதும் உன் பையன் முகம் சுருங்கியது, அநியாயம் என்றான். இருக்கலாம், ஆனால் வகுப்பு முழுக்க ஒரே மாதிரி ஆட்கள் உட்கார்ந்து என்ன பேசிக்கொள்ளப் போகிறார்கள் என்று அந்தக் கல்லூரிகள் யோசிப்பதிலும் நியாயம் இருக்கிறது.

அடுத்தது, நாம் கவனிக்காமல் விட்ட ஒன்று. அகமதாபாத்காரர்கள் கேட் மார்க்கோடு பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மதிப்பெண் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் இன்டர்வியூவுக்கே கூப்பிடுவார்கள். இவன் 2019இல் பத்தாவதில் 500க்கு 412 வாங்கினான், அந்த வருஷம் டைபாய்டு வந்து படுத்திருந்தானே, நினைவிருக்கிறதா. 2021இல் கொரோனாவால் பிளஸ் டூ பரீட்சையே நடக்கவில்லை, பத்தாவதிலிருந்து பாதி, பதினொன்றிலிருந்து 20 சதவீதம், பன்னிரண்டாவது செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 சதவீதம் என்று எடுத்து மதிப்பெண் போட்டார்கள். ஆக, அந்த டைபாய்டு அவனை இரண்டு தடவை அடித்திருக்கிறது. அதை இனி யாராலும் மாற்ற முடியாது, நவம்பர் வரை ராத்திரி பகலாகப் படித்தாலும் முடியாது. இந்தூரும் பள்ளி மதிப்பெண்ணுக்குக் கணிசமான மதிப்பு தருகிற இடம், அதையும் பெரிதாக நம்ப வேண்டாம்.

மாற்றக்கூடியது வேறு இருக்கிறது, அதில் உன் வேலையும் உண்டு. ஓ.பி.சி. சர்டிபிகேட் எடுத்தாயா? நம் பி.சி. ஜாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசு படிவத்தில் நான்-கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவில் இல்லை என்கிற) சான்றிதழ் தனியாக வேண்டும், அதுவும் புதுசாக எடுத்தது வேண்டும், கேட் பதிவின்போதே ஏற்றச் சொல்வார்கள். பதிவு பொதுவாக ஆகஸ்டில் ஆரம்பித்து செப்டம்பர் நடுவில் முடியும், தாலுகா ஆபீஸ் வேகம் உனக்கே தெரியும், இ-சேவையில் இந்த வாரமே போட்டுவிடு. எனக்குச் சம்பளம் வருமான வரம்பான 8 லட்சத்தைத் தாண்டிவிட்டதே என்று நீயாக முடிவு பண்ணி ஒதுங்கிக்கொள்ளாதே. அரசு ஆசிரியர் உனக்கு அந்த வருமானக் கணக்கில் சம்பளம் சேராது, விவசாய வருமானமும் சேராது. வாடகை, வியாபாரம் மாதிரி மற்ற வருமானம் மூன்று வருஷம் தொடர்ந்து தாண்டினால்தான் சிக்கல். சம்பளத்துக்குப் பதிலாக உன் பதவி எந்த குரூப் என்று பார்ப்பார்கள். நேரடியாக குரூப் ஏ-வில் சேர்ந்தவன் பிள்ளைக்குக் கிடையாது, குரூப் பி என்றால் அம்மா அப்பா இரண்டு பேருமே நேரடியாக அதில் சேர்ந்திருந்தால்தான் கிடையாது. தங்கச்சி வேலைக்கே போகவில்லை, அப்புறம் என்ன. பையன் "பொதுவிலேயே ஜெயிக்கிறேன் மாமா" என்று வீறாப்பு பேசுகிறான். அவன் தாத்தா பள்ளிக்கூட வாசலைத் தாண்டாதவர் என்பதை நீதான் அவனுக்குச் சொல்ல வேண்டும், என் வாயால் சொன்னால் நன்றாக இருக்காது.

பரீட்சை இரண்டு மணி நேரம். ஆங்கிலம், டேட்டா-லாஜிக், கணக்கு என்று மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிஷம், முடிந்த பகுதிக்குத் திரும்பிப் போக முடியாது. சரியான விடைக்கு 3, நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற கேள்வி தப்பானால் மைனஸ் 1. அவன் எழுதின மாதிரித் தேர்வு முடிவுகளை லேப்டாப்பில் காட்டினான். கணக்கில் 98 பெர்சண்டைல், ஆங்கிலத்தில் 71. கணக்கில் எல்லா என்ஜினீயரும் 98தான், அங்கே யாரும் யாரையும் முந்த முடியாது. முந்துவது ஆங்கிலப் பத்தியில்தான். தத்துவம், பறவைகள், பழைய ஐரோப்பிய ஓவியம் என்று எதைப் பற்றியாவது ஐந்நூறு சொல் கொடுத்து, எழுதினவன் எதை ஒத்துக்கொள்ள மாட்டான் என்று கேட்பார்கள். இதை கோச்சிங்கில் குறுக்கு வழியாகக் கற்றுத் தர முடியாது, தினமும் ஒரு மணி நேரம் படித்தால்தான் வரும். அவன் பஸ்ஸில் ரீல்ஸ் பார்க்கிறான். லாஜிக் பகுதியில் அவனுக்கு இன்னொரு வியாதி, எடுத்த புதிரை முடிக்காமல் விட மனசு வராது. ஐந்து செட்டில் இரண்டை முழுசாகவும் ஒன்றைப் பாதியாகவும் போட்டாலே நல்ல இடம், மற்றதைத் தொடாமல் போகிற தைரியம் வேண்டும். வாத்தியார் பிள்ளைக்கு அது கஷ்டம்தான்.

இன்டர்வியூ எப்படி இருக்கும் என்று காட்ட அவனை ஃபேக்டரிக்குக் கூட்டிப் போனேன். சர்வீஸுக்கு வந்த ஒரு மோனோபிளாக் பம்பிலிருந்து கழற்றின இம்பெல்லரை, அதாவது தண்ணீரைச் சுழற்றித் தள்ளுகிற இறக்கைச் சக்கரத்தை, கையில் கொடுத்து, இது ஏன் இப்படி ஆச்சு என்று கேட்டேன். இறக்கையின் உள்விளிம்பு முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழிக்குழியாக அரித்திருந்தது. துரு என்றான். வெண்கலம் தம்பி, துரு எங்கே பிடிக்கும் என்றேன். அப்புறம் கேவிட்டேஷன் என்றால் என்ன என்று கேட்டதும் புத்தகத்தில் இருக்கிறபடி கடகடவென்று ஒப்பித்தான், உறிஞ்சுகிற பக்கம் அழுத்தம் குறைந்தால் தண்ணீர் ஆவியாகிக் குமிழி வரும், அது உள்ளே போய் அமுங்கி நொறுங்கும், எல்லாம் சரி. கையில் இருப்பது அதுதான் என்று மட்டும் தோன்றவில்லை. உறிஞ்சுகுழாயின் அடியில் இருக்கிற ஃபுட் வால்வு அடைத்துக்கொண்டதை அந்த விவசாயி கவனிக்காமலே ஓட்டியிருக்கிறார் என்று மெக்கானிக் சொன்ன பிறகு, அவனாகவே உட்கார்ந்து அரை மணி நேரம் கேள்வி கேட்டான், அது எனக்குப் பிடித்தது. மெக்கானிக்கல் படித்துவிட்டு சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்கிறவனிடம் இதைத்தான் துருவுவார்கள், இதற்கு மேல் "பிறகு ஏன் எம்.பி.ஏ.?" என்பார்கள். அதற்கு இப்போது அவனிடம் இருக்கிற பதில் சம்பளம் மட்டும்தான்.

என் கணிப்பைக் கேட்டாயல்லவா. அந்த மூன்று இடம் இந்த வருஷம் பத்துக்கு ஒரு வாய்ப்புக்கும் கீழே. ஆங்கிலத்தைத் தூக்கி நிறுத்தி, சான்றிதழும் கையில் இருந்தால் கோழிக்கோடு, லக்னோ நடக்கக்கூடிய காரியம், திருச்சி ஓரளவு நிச்சயம். டெல்லி பல்கலைக்கழகத்தின் எஃப்.எம்.எஸ்.ஸும் கேட் மார்க்கைத்தான் எடுக்கிறது, கட்டணம் சில லட்சம்தான். அகமதாபாத்தில் 25 லட்சத்துக்கு மேல். ஜம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ.க்கு ஜனவரியில் தனிப் பரீட்சை, அதையும் எழுதட்டும். ஹைதராபாத் ஐ.எஸ்.பி.யின் ஒரு வருடப் படிப்புக்கு இரண்டு வருஷ அனுபவமாவது வேண்டும், அதை இப்போது விட்டுவிடலாம். திருச்சி கிடைத்தால் போகலாமா, இல்லை இன்னும் ஒரு வருஷம் அனுபவம் சேர்த்து மறுபடி எழுதலாமா என்பதை ஏப்ரல், மே மாதத்தில் அவனே முடிவு பண்ணட்டும், நீ நடுவில் வராதே. பணத்துக்காக வீட்டுப் பத்திரத்தை எடுக்காதே, ஐ.ஐ.எம். மாதிரி இடங்களுக்கு அரசு வங்கிகளில் அடமானம் இல்லாமலே கடன் தருகிறார்கள், ஸ்டேட் பேங்கில் அதற்குத் தனித் திட்டமே இருக்கிறது.

சாத்தூர் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரியே வந்துவிடுவேன். வரும்போது சான்றிதழ் விண்ணப்ப ரசீதைக் காட்டு, இல்லாவிட்டால் மறுநாள் காலையில் நானே உன்னைத் தாலுகா ஆபீஸுக்குத் தள்ளிக்கொண்டு போவேன்.

மச்சான்
கோயம்புத்தூர்