விசிலுக்கு முன் அந்தப் பெட்டி வரட்டும்

மதிப்பிற்குரிய மாவட்ட அமெச்சூர் கபடிக் கழக நிர்வாகிகளுக்கும், ஊர்தோறும் ஆட்டம் நடத்தும் விழாக் குழுவினருக்கும் வணக்கம்.

நடந்தது உங்களுக்குத் தெரியும்: ஆட்டத்தின் நடுவே பிடிபட்டு விழுந்த எங்கள் பையன் பிழைக்கவில்லை. மாலையோடு வந்தீர்கள், அடுத்த ஆட்டம் தொடங்குமுன் ஒரு நிமிடம் எழுந்து நின்றீர்கள். நன்றி. அவன் நின்ற ரைட் கார்னரில், தடுப்பு வரிசையின் வலது ஓரத்தில், இப்போது வேறு பையன் நிற்கிறான். கைகோர்த்துச் செயின் போடும்போது யார் கையைப் பிடிப்பது என்று இன்னும் தடுமாறுகிறான். அதைச் சொல்லி அழ இந்த மடல் இல்லை. கேட்பது ஒன்றுதான். நிலைகுலைந்த இதயத்தை மறுபடி துடிக்கவைக்கும் ஏ.இ.டி. என்கிற மின் அதிர்ச்சிக் கருவிப் பெட்டியும், அதைக் கையாளப் பழகிய இரண்டு பேரும் ஆடுகளத்தின் ஓரத்தில் இல்லாமல் எந்த ஆட்டத்துக்கும் விசில் ஊதக் கூடாது.

2022 ஜூலையில் பண்ருட்டிப் பக்கம் மானடிக்குப்பத்தில் பாடிப் போன இளைஞர் பிடிபட்டு விழுந்தார், எழப் பார்த்தார், திரும்ப விழுந்தார், பிழைக்கவில்லை. அந்த வீடியோ மாநிலம் முழுக்கச் சுற்றியது. அதற்குப் பிறகு எத்தனை தை மாதம் போய்விட்டது? களத்தில் மாறியது விளக்கும் கேமராவும் மட்டும்தான்.

நல்ல உடம்புக்காரன் எப்படிச் சட்டென்று போவான் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வழிகள் உண்டு. பரம்பரைக் கோளாறால் இதயத் தசை தடித்திருந்தால் வருஷக் கணக்கில் ஓர் அறிகுறியும் இல்லாமல் ஆடலாம். எந்தக் கோளாறும் இல்லாத நெஞ்சிலும் இதயத்துக்கு நேர் மேலே முழங்காலோ தோளோ இடித்து, அந்த இடி ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் விழுந்தால், இதயம் துடிப்பதை விட்டு நடுங்கத் தொடங்கும். விலா எலும்பு முறிய வேண்டியதில்லை. பலமான டேஷ், அதாவது மோதித் தள்ளுவது கூட வேண்டியதில்லை. எடைப் பிரிவு ஆட்டத்துக்காக இரண்டு நாள் பட்டினி கிடந்து, தண்ணீர் குடிக்காமல், ஸ்வெட்டர் போட்டு ஓடி அறுபது கிலோவுக்குள் இறங்கி வருகிறவர்களின் ரத்தத்தில் உப்புச் சத்தின் அளவு கலைந்திருக்கும். அதுவும் துடிப்பைக் குலைக்கும். தராசில் ஏறும்போது கண் சொருகி நிற்பவரைப் பார்த்து "எடை ஓகே" என்று எழுதிக்கொள்வது நம்முடைய வழக்கம்.

காரணம் எதுவானாலும், விழுந்த பிறகு நடப்பதுதான் எங்களை உறங்க விடவில்லை. இதயம் நடுங்கும்போது உடம்பு வெட்டி வெட்டி இழுக்கலாம். உடனே "வலிப்பு" என்பார்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். முகத்தில் தண்ணீர், வாயில் சோடா. மீன் வாய் திறப்பதுபோல் எப்போதாவது ஒரு மூச்சு வரும். "மூச்சு இருக்கு, ஒண்ணும் இல்ல" என்பார்கள். அது மூச்சே இல்லை, இதயம் நின்றதன் அடையாளம். பிறகு பைக். ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவில் நிமிர்த்தி உட்காரவைத்து, தலை தொங்கத் தொங்க, ஆஸ்பத்திரிவரை. அந்த வழி நெடுக மூளைக்கு ஒரு சொட்டு ரத்தம் ஏறாது. நெஞ்சழுத்தமும் இல்லாமல் மின் அதிர்ச்சி தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைகிறது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் மேல் குற்றம் இல்லை. அன்பால் ஓடினார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

செய்ய வேண்டியது இது. யாரும் இடிக்காமல் விழுந்தாலும், இடிபட்டு எழாமல் கிடந்தாலும், தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டும். பத்து நொடிக்குள் பதிலும் சீரான மூச்சும் இல்லையென்றால் ஒருவர் 108க்குப் பேச, ஒருவர் கருவி எடுக்க ஓட, மூன்றாமவர் விழுந்த இடத்திலேயே மல்லாக்கக் கிடத்தி நடு நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்த வேண்டும்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ.க்குக் குறையாமல், 6ஐத் தாண்டாமல். இரண்டு நிமிடத்துக்கொருமுறை ஆள் மாற வேண்டும். களைத்த கை ஆழம் போகாது. கருவி வந்ததும் பனியனைக் கிழித்து, வியர்வையையும் மண்ணையும் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டு, கருவியின் ஒட்டுப் பட்டைகளில் ஒன்றை வலது காறை எலும்புக்குக் கீழேயும் இன்னொன்றை இடது அக்குளுக்குக் கீழேயும் ஒட்ட வேண்டும். நம் களத்தில் பட்டை ஒட்டாமல் போக முதல் காரணம் அந்த வியர்வைதான். மீதியைக் கருவியே குரலில் சொல்லும். தேவையில்லாத நெஞ்சுக்கு அது அதிர்ச்சி கொடுக்காது, பயப்பட வேண்டாம்.

2021 ஜூனில் கோபன்ஹேகன் மைதானத்தில் டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் சரிந்து விழுந்தார். அங்கேயே அழுத்தினார்கள், அங்கேயே அதிர்ச்சி கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே மறுபடி பந்து உதைத்தார். அவர் இதயம் வேறு, எங்கள் பையனின் இதயம் வேறா?

அன்று அவனைப் பிடித்த எதிரணித் தம்பியையும் நினைத்துப் பாருங்கள். சந்தேக மரணம் என்று வழக்குப் பதிவாகி, காவல் நிலையத்தில் அவன்தான் பதில் சொல்கிறான். விதிப்படி போட்ட பிடி. அவன் வீட்டுக்கு உங்களில் யார் போனீர்கள்? இறந்தவரின் பிரேதப் பரிசோதனை அறிக்கையை அம்மா அப்பாவுக்குப் படித்து விளக்கவும் ஆள் இல்லை. இதயத் தசை நோய் என்று அதில் இருந்தால் கூடப் பிறந்தவர்களுக்கும் அது இருக்கலாம், இ.சி.ஜி.யும் எக்கோ என்கிற இதய ஸ்கேனும் எடுத்தே ஆக வேண்டும். இதைச் சொல்ல ஒரு கழகம் போதாதா?

ஜல்லிக்கட்டில் காளைக்கு மருத்துவப் பரிசோதனை, மாடுபிடி வீரருக்கும் பரிசோதனை. கபடியில் கேட்பது ஆதார் அட்டை, எடை, நுழைவுக் கட்டணம். மாநில விளையாட்டு என்று மேடையில் பேசும்போது மட்டும் மைக் நன்றாக வேலை செய்கிறது. ஆளுயரக் கோப்பைக்குப் புரவலர் கிடைக்கிறார், ட்ரோனுக்குக் கிடைக்கிறார், விடிவதற்குள் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்கும் கிடைக்கிறார். அந்தப் பெட்டிக்குத்தான் பட்ஜெட் இல்லையாம்.

கோபத்தில் எழுதிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஒன்று வாங்கச் சொல்லவில்லை. மேட் வாடகைக்குப் போகிற அதே வண்டியில் கருவியும் போகட்டும். மேட் இறக்கியதும் ஸ்கோர் மேசைக்கு அடியில் வையுங்கள், பூட்டாமல். பட்டைக்கும் பேட்டரிக்கும் காலாவதித் தேதி உண்டு, அதைப் பார்க்க ஒருவரை நியமியுங்கள். நடுவர் பயிற்சியில் நெஞ்சழுத்தத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். நுழைவுப் படிவத்தில் மூன்று கேள்விகள் சேருங்கள்: ஆடும்போது மயங்கியதுண்டா, நெஞ்சு வலித்ததுண்டா, வீட்டில் ஐம்பது வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்ததுண்டா? "ஆம்" என்பவர் அரசு மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்து, மருத்துவர் சரி என்று எழுதித் தந்த பிறகு ஆடட்டும். காய்ச்சலோடு வருகிறவரைப் பெஞ்சில் உட்காரவையுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வழியில் பைக் நிறுத்தாமல் கயிறு கட்டுங்கள். இவ்வளவும் இருந்தும் கருவி இல்லையென்றால் விசில் வேண்டாம்.

பொங்கல் ஆட்டங்களுக்கு நோட்டீஸ் அச்சாகும் முன் பதில் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். பரிசுத் தொகைக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் விட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
குழுவின் ஆட்டக்காரர்களும் பயிற்சியாளரும்