பாப்பாவுக்கு, அம்மா எழுதுறது

பாப்பா, சாப்டியா? போன் எடுக்க மாட்டேங்குற, மெசேஜ் போட்டா கட்டைவிரல் பொம்மை மட்டும் வருது, அதான் உக்காந்து நீளமா டைப் பண்றேன். இங்க எல்லாரும் சுகம். அப்பாவுக்கு சுகர் கொஞ்சம் எறங்கிருக்கு. ஆத்துல தண்ணி நல்லா போகுது. வேற விசேஷம் இல்ல.

நீ அனுப்புன பேய் டூர் போட்டோ பாத்தேன். நியூ ஆர்லியன்ஸ்ல ராயல் ஸ்ட்ரீட்ல இருக்கே அந்த சாம்பக்கலர் வீடு. ராத்திரி அந்த நேரத்துல ஏன் வெளிய சுத்துற? கூட ஆள் இருக்குன்னு போட்டோலயே தெரியுது, நான் ஒண்ணும் கேக்கல. அப்பா பெருசு பண்ணிப் பாத்துட்டு கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அவரப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே.

நான் அந்த வீட்டப் பத்தி தேடித் தேடிப் படிச்சேன். 1834 ஏப்ரல்ல தீப்பிடிச்சப்போ உள்ள போனவங்க பாத்தா, சமையல்காரம்மா அடுப்போட சேத்து சங்கிலில கட்டிக் கெடந்துச்சாம். தண்டனைக்குப் பயந்து, செத்தாலும் பரவால்லன்னு தீ வச்சதே நான்தான்னு அதுவே சொல்லிச்சாம். அடுப்படில சங்கிலின்னு படிச்சதும் அன்னைக்கு சோறு வடிக்கவே எனக்குக் கை வரல. பூட்டிப் போட்டு சித்திரவதை பண்ணுன அடிமைங்கள வெளிய கொண்டு வந்தத ஊரே பாத்து வீட்ட அடிச்சு நொறுக்கிருக்கு, அதுக்குள்ள அந்த வீட்டுக்காரி லாலோரி சீமாட்டி வண்டி ஏறித் தப்பிச்சு பிரான்சுக்குப் போயிட்டா. அவளுக்கு ஒரு தண்டனையும் கெடையாது.

நடந்தது போதாதுன்னு பின்னாடி வந்தவங்க குடல உருவுனா அது இதுன்னு என்னென்னமோ சேத்துட்டாங்க, ஏன்னா டிக்கெட் விக்கணும்ல. ஆனா அதே வீட்டுல 1870-கள்ல பொம்பளப் புள்ளைங்க பள்ளிக்கூடம் நடந்திருக்கு பாப்பா, கருப்பு வெள்ள ரெண்டும் ஒண்ணா உக்காந்து படிச்சிருக்கு. 1874-ல ஒயிட் லீக்னு ஒரு கும்பல் உள்ள பூந்து யாரு கருப்புன்னு விசாரிச்சு விசாரிச்சு வெளிய அனுப்பிருக்கானுங்க. இத உங்க டூர்காரன் சொன்னானா? சங்கிலிச் சத்தம் கேக்கும்னு மட்டும் சொல்லிருப்பான். அதே ஊர்லதான 1960-ல ரூபி பிரிட்ஜஸ்னு ஆறு வயசுக் கருப்புப் புள்ள அரசாங்க மார்ஷல் காவலோட பள்ளிக்கூடம் போச்சு, வருஷம் பூரா அதோட வகுப்புல அது மட்டும்தானாம். அந்தம்மா என்னவிட பத்து வயசுதான் மூத்தவங்க. ராத்திரில இல்லாம பகல்ல அந்தப் பள்ளிக்கூடத்தப் போய்ப் பாரு. தனியா போகாத.

இதெல்லாம் படிக்கப் படிக்க எனக்கு நம்ம பட்டவராயர்தான் நெனப்பு. சொரிமுத்தையன் கோயில்ல ஆடி அமாவாசைக்கு அவருக்கு செருப்பு கட்டுவோம்ல, அடுத்த வருஷம் பாத்தா நடந்து தேஞ்சிருக்கும்னு ஆச்சி காட்டுவாளே. ஐயரு வீட்டுப் புள்ள, செருப்பு தைக்கிற பகடையோட மக பொம்மக்கா திம்மக்காவுக்காக பூணூல அறுத்து செருப்புத் தைக்கக் கத்துக்கிட்டாரு. அதையும் வில்லுப்பாட்டுல மாத்திப் பாடுறானுங்க, அந்தப் புள்ளைங்களே நெசமா பிராமண வீட்டுல பெறந்ததுதான், பகடை எடுத்து வளத்தாருன்னு. அப்பதான கேக்குறவனுக்கு உறுத்தாது. உங்க அப்பா எவ்ளோ பக்தியா செருப்பு கட்டுவாரு. அதே மனுசன் செருப்பு தைக்கிறவரு வீட்டுக்கு வந்தா எந்த டம்ளர எடுக்கச் சொல்லுவாரு? அந்த டம்ளரத் தனியா கழுவிக் கவுத்து வைக்கிறது நான்தான, வேற யாரு.

நீ அங்க வேல வாங்கி தனியா நிக்கிறது எனக்குப் பெருமைதான், இந்தத் தெருவுல எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா எதையும் சொல்லாம இருக்குற பாரு, அது யாரு பழக்கம்னு தெரியல. ராத்திரில தனியா நடக்காத. புயல் சீசன் வருது, அரிசி பருப்பு வாங்கி வச்சுக்க.

நம்ம கிணத்தடிக் கதைய அந்தப் பையன்ட்ட சொன்னியா? சொல்லாதன்னு எழுதத்தான் ஆரம்பிச்சேன். அங்க பேய் இருக்கு, வெளக்கு வச்சப்புறம் போகாதன்னு உன்னைய நான் மெரட்டி வச்சதும் நெசம், சித்தி வழுக்கி விழுந்துட்டான்னு ஊருக்கு நாங்க சொன்னதும் நெசம். எனக்கு அப்ப பதினாறு வயசு, முந்துன நாள் ராத்திரி முத்தத்துல என்ன பேச்சு நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும், அவ யாரோட போகக் கெளம்புனான்னும் தெரியும். சொல்றதா இருந்தா அவன்ட்ட இதையும் சேத்துச் சொல்லு. வழுக்கி விழுந்தான்னு சொல்லாத. நம்மளப் பத்தி என்ன நெனப்பானோன்னு பயமாத்தான் இருக்கு, இருந்தாலும் பரவால்ல.

அப்பா ஒம்பது மணிக்கே தூங்கிடுறாரு. இங்க பத்து மணிக்கு மேல கூப்பிடு, உனக்கு மதியம் பன்னெண்டு மணி மாதிரிதான் இருக்கும். அவன் பக்கத்துல இருந்தா போனக் குடு, நான் இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்த பேசுவேன். அவன் பேர மட்டும் முன்னாடியே தமிழ்ல டைப் பண்ணி அனுப்பிடு, தப்பாக் கூப்பிட்டுறக் கூடாது.

அம்மா