லிண்டாவின் பெயர் எங்கே?

ஆசிரியருக்கு,

'எம்பூபே' என்ற தென்னாப்பிரிக்க சூலு மொழிப் பாடலைப் பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, அமெரிக்காவில் 1961-இல் அதன் ஆங்கில வடிவம் ('தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்') பெற்ற வெற்றியைத்தான் விரிவாகப் பேசியது. 1939-இல் ஜோகன்னஸ்பர்க்கில் அதைப் பாடிப் பதிவுசெய்த சாலமன் லிண்டாவுக்கு இரண்டே வரி! உரிமையைப் பத்து ஷில்லிங்குக்குக் கொடுத்துவிட்டு, 1962-இல் வறுமையிலேயே இறந்தவர் அவர். வழக்குப் போட்ட குடும்பத்துக்கு 2006-இல்தான் உடன்பாடு கிடைத்தது. வாத்தியமில்லாமல் கூட்டாகப் பாடும் சூலு மரபுக்கே அந்தப் பாட்டின் பெயர் நிலைத்துவிட்டது.

சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் கொண்டாடும் தென்னாப்பிரிக்க மரபு நாள் விழாவில் பிள்ளைகள் இதைப் பாடுவார்கள். 'லயன் கிங்' படத்தில் வந்த பாட்டு என்பதால், நிகழ்ச்சி நிரலில் 'ஹாலிவுட் படப் பாட்டு' என்று அச்சாகிறது. பாரதி பாட்டை அப்படிப் போட விடுவோமா? வரும் செப்டம்பர் 24 விழாவிலாவது தமிழ் அமைப்புகள் நிரலில் லிண்டாவின் பெயரைச் சேர்க்கட்டும்.

வாசகர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்